யாரு போட்டு அடிச்சது?

பெட்டியைக் கையில் வாங்கிய பெரியம்மா அதை ஒருமுறை சுற்றித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். மேலே இருந்த ஒரு குழியை விரலால் தடவினார். அப்புறம் நிஜமான கவலையோடு கேட்டார்: “ஏண்டி, நல்ல பெட்டியாத்தானே இருக்கு. இதை யாரு போட்டு அடிச்சது?”

அடித்தது நான்தான். நானே அறுத்து, நானே இழைத்து, நானே ஒட்டிய பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே அடித்தேன். “ஆன்டிக் ஃபினிஷ் பெரியம்மா” என்றேன். “பழசு மாதிரி தெரியணும்னா?” “ஆமா.” இன்னொரு முறை பார்த்தார். “பழசு மாதிரி இல்லையே. அடிபட்ட மாதிரில்ல இருக்கு.” சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பேச்சை விட்டுப் போக முடியவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ரசனை வேறு என்று விட்டிருப்பேன். பழசுக்கும் அடிபட்டதற்கும் அவர் ஒரே பார்வையில் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டார். அது என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெட்டிக்கு நான் செய்யாதது எதுவும் இல்லை. சங்கிலியால் மூடியை விளாசினேன். சாவிக்கொத்தால் பக்கவாட்டில் கொத்தினேன். மெல்லிய ஆணியால் பூச்சி அரித்த துளைகள் போட்டேன், கணக்காக இருபது. அடியில் பழுப்பு பெயின்ட், மேலே வெளிர்நீலம், நடுவில் வெடிப்பு விழுவதற்காக ஒரு பூச்சு வெள்ளைப் பசை. காய்ந்ததும் 80-ஆம் நம்பர் முரட்டு உப்புத்தாளை எடுத்து எல்லா விளிம்பையும் மரம் தெரியும்வரை தேய்த்தேன். கடைசியில் கரும்பழுப்பு மெழுகை மொத்தப் பெட்டிக்கும் பூசித் துடைத்தேன். ஒரு பெட்டிக்கு எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தேய்த்தேன். அந்த நியாய உணர்வுதான் என்னைக் கவிழ்த்திருக்கிறது.

பச்சைப் பெட்டி

விடை பெரியம்மா வீட்டிலேயே இருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துபோய், தைத்துக்கொள்ள அவருடைய தையல் பெட்டியைக் கேட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் கையில் இருக்கிற மரப்பெட்டி. நூறு முறையாவது அதைத் திறந்திருப்பேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூடியின் முன்விளிம்பில், நடுவிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை பெயின்ட் போயிருந்தது. சரியாகக் கட்டைவிரல் வைத்துத் தூக்குகிற இடம். அங்கே தெரிந்த மரம் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வருகிற வெளிறிய மரம் இல்லை. கையின் எண்ணெயும் அழுக்கும் ஏறி, கறுத்து, பளபளவென்று இருந்தது. பெயின்ட் முடிந்து மரம் தொடங்குகிற இடத்தில் கோடு என்று ஒன்று இல்லை. பச்சை மெலிந்து, அடிப்பூச்சாக மாறி, அதுவும் மெலிந்து மரமாக மாறியது. அதே மூடியின் பின்விளிம்பில் பெயின்ட் தடிமனாக அப்படியே இருந்தது, பிரஷ் மயிர் இழுத்த கோடுகூடத் தெரிந்தது. பின்பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருந்திருக்கிறது, அங்கே யார் கை வைப்பார்கள்?

முன்னால் ஒரு சின்னக் கொக்கி. அதைக் கழற்றிவிட்டால் தொங்கி ஆடும். ஆடி ஆடி, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒரு வில்லை மரத்தில் கீறி வைத்திருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது, ஜன்னல் பக்கம். மூடியின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள். முதலில் பூச்சி என்று நினைத்தேன். தைக்கும்போது ஊசியைச் செருகி வைக்கிற இடமாம். கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகையில் எல்லாம் ஒரே திசையில் நீளக் கீறல்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, மறுபடி உள்ளே தள்ளிய வழித்தடம் அது.

அடிபட்ட இடம் என்று பார்த்தால் மொத்தப் பெட்டியிலும் ஒன்றே ஒன்று, பின்பக்கத்து இடது மூலை நசுங்கியிருந்தது. “இது எப்போ பெரியம்மா?” என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அதுவா. உனக்கு அஞ்சு வயசிருக்கும். நீதான் மேலேருந்து தள்ளிவிட்டே.”

பொத்தானைத் தைத்தேனா என்று நினைவில்லை. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. என் பெட்டியில் இருந்த அத்தனை அடியும் எங்கிருந்தோ வந்தவை. எதற்கும் காரணம் இல்லை. இந்தப் பெட்டியில் காரணம் இல்லாத கீறல் ஒன்றுகூட இல்லை. வலது கைக்காரர், ஜன்னலோரம் உட்காருகிறவர், கட்டிலுக்கு அடியில் வைப்பவர், அவசரத்தில் ஊசியை மூடியில் குத்துபவர். பெரியம்மாவைத் தெரியாத ஒருவர்கூட இந்தப் பெட்டியை வைத்து அவரைப் பாதி சொல்லிவிடலாம். என் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடிவது ஒன்றுதான்: யாரோ போட்டு அடித்திருக்கிறார்கள்.

ஆளில்லாமல் தேய்மானம் இல்லை

அதற்கப்புறம் உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால் ஓர் ஆளை யோசித்துக்கொள்கிறேன். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வேலைக்கு ஆகிறது. இந்தப் பெட்டி யாருடையது? எந்தக் கைக்காரர்? எங்கே வைப்பார், தூக்குவாரா, இழுப்பாரா? தினமும் திறப்பாரா, வருஷத்துக்கு ஒருமுறையா? இதற்கெல்லாம் பதில் வந்துவிட்டால் எங்கே தேய்க்க வேண்டும் என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். அதைவிட முக்கியம், எங்கே தேய்க்கவே கூடாது என்பது. இப்போதெல்லாம் நான் செய்கிற பெட்டியில் முக்கால்வாசி இடம் சும்மா இருக்கிறது. முதல் பெட்டிக்கு ஒரு நாள் ஆனது, இப்போது அரை நாள்கூட ஆவதில்லை.

தேய்க்கும் முறையும் மாறியது. பெயின்ட் போக வேண்டிய இடத்தில், மேல்பூச்சு அடிப்பதற்கு முன்பே மெழுகுவத்தியால் தேய்த்துவிடுகிறேன். மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது. காய்ந்தபின் ஒரு மொண்ணைத் தகடால் சுரண்டினால் அந்த இடம் மட்டும் உதிர்ந்து அடிப்பூச்சு தெரியும். அப்புறம் 220-ஆம் நம்பர் நைசான தாளால் ஓரத்தை மங்கலாக்கினால் பச்சைப் பெட்டியில் பார்த்தேனே, அந்தக் கோடில்லாத எல்லை ஓரளவுக்கு வந்துவிடும். 80-ஆம் நம்பர் தாளின் பக்கமே போவதில்லை. அதன் வரி மரத்தில் விழுந்தால் அது கைபட்ட தேய்மானம் இல்லை, தாள்பட்ட தேய்மானம் என்று காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்து வெளிவந்த மரத்தை வெளிறலாக விடுவது இன்னொரு பெரிய தப்பு. கைபட்ட மரம் கறுக்கும், வெளுக்காது. அங்கே கொஞ்சம் நிறமெழுகு ஏற்றி, துணியால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். மற்ற இடங்களில் அழுக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும், பள்ளத்தில் தங்கும், மேட்டில் தங்காது. நான் முதலில் செய்த மாதிரி பழுப்பு மெழுகை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பூசினால் பெட்டி பழசாகத் தெரியாது, குளிக்காத மாதிரி தெரியும்.

பூச்சித் துளையை விட்டே விட்டேன். மரத்தில் காணும் அந்தத் துளை பூச்சி நுழைந்த வழி இல்லை, வெளியேறிய வழி. வண்டு வெளியே முட்டையிடும். புழு உள்ளேயே சில வருஷம் மரத்தைத் தின்று, வளைந்து வளைந்து சுரங்கம் போட்டு, வண்டாக மாறிய பிறகுதான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டுக்கொண்டு கிளம்பும். ஆணியால் போட்ட துளையில் ஒரு குண்டூசியை விட்டுப் பார்த்தால் நேராக உள்ளே போகும். நிஜத் துளையில் கொஞ்ச தூரத்திலேயே இடிக்கும். இது தெரிந்தவர் எதிரில் என் இருபது துளைகளும் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

நம்மால் செய்யவே முடியாத சில விஷயங்களும் உண்டு. மரம் உலர்ந்து சுருங்கும்போது இழை ஓடுகிற நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்கே மட்டும் சுருங்கும். வட்டமாகச் செய்த மேசைப் பலகை பல காலம் கழித்து அளந்தால் லேசான முட்டை வடிவத்துக்கு வந்திருப்பது அதனால்தான். கண்ணுக்குத் தெரியாது, டேப் வைத்தால் தெரியும். எந்த உப்புத்தாளும் இதைச் செய்யாது. எனக்கு இதில் ஏனோ ஒரு சந்தோஷம்.

வினிகர் பாட்டில்

நிறத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் ஏமாற்று வேலை நடக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரத்தின் சாம்பல் நிறத்தை ஒரு வினிகர் பாட்டில் ஒரே நாளில் கொண்டுவந்துவிடுகிறது. நைசான இரும்பு நார் ஒரு பிடி, சோப்புத் தண்ணீரில் அலசி அதன் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, வினிகரில் ஊறப் போட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற பளபள ஸ்க்ரப்பரைப் போட்டு மூன்று நாள் காத்திருந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், அது துருப்பிடிக்காத எஃகு, ஒன்றும் நடக்காது. சாதா இரும்பாக இருக்க வேண்டும். பாட்டிலை இறுக்கி மூடவும் கூடாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது வெளியேற வழி வேண்டும்.

ஓரிரு நாளில் கிடைக்கிற கலங்கல் தண்ணீரை மரத்தில் தடவினால் முதலில் ஒன்றுமே தெரியாது. வெறும் ஈரம். “போச்சு, ஏமாந்தோம்” என்று பிரஷைக் கழுவப் போய்த் திரும்பிவருவதற்குள் மரம் கறுத்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த நிமிஷம் எனக்குச் சலிக்கவில்லை. கரைந்த இரும்பு மரத்தில் இருக்கிற டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்பாகிறது. நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பாவில் எழுதப் பயன்பட்ட கறுப்பு மை இதே சேர்க்கைதான், அங்கே டானின் வந்தது ஓக் மரத்தின் பூச்சிக்காய்களிலிருந்து. ஓக், வால்நட் போன்ற மரங்களில் டானின் நிறைய, அவை சட்டென்று கறுக்கும். பைனில் குறைவு, அதனால் முதலில் கடுந்தேயிலைச் சாற்றை ஒரு கை பூசிக் காயவிட்டு, அதற்குமேல் இரும்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். முதலில் ஒரு துண்டுப் பலகையில் பார்த்துக்கொள்வது நல்லது. கறுத்ததை வெளுக்க வைப்பது லேசில்லை.

வெடிப்புப் பூச்சு இன்னும் எனக்கு வசப்படவில்லை. அடிப்பூச்சுக்கு மேல் பசை, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்பூச்சு. மேல்பூச்சு காயும்போது கீழே பசை வழுக்கிக்கொடுக்க, அது இழுபட்டு வெடிக்கும். பசை தடிமன் என்றால் பெரிய வெடிப்பு, மெல்லிசு என்றால் பொடி வெடிப்பு. ஒரே இழுப்பில் பூச வேண்டும், போன இடத்துக்கு மறுபடி பிரஷ் போகக் கூடாது. எனக்குக் கை சும்மா இருக்காது, திரும்பப் போகும். சகதி ஆகும்.

பித்தளைக் கீல்களைப் பற்றி ஒன்று மட்டும். உப்பும் அம்மோனியாவும் வைத்த மூடிய டப்பாவுக்குள், திரவத்தில் படாமல் தொங்கவிட்டால், நீலமும் பச்சையுமாகக் களிம்பு ஏறும். காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும், அம்மோனியா இருக்கிற பக்கம் ப்ளீச் வரவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு. இரும்புத் துருவும் செம்புக் களிம்பும் பார்வைக்கு ஒரே ஜாதி மாதிரி இருந்தாலும் குணம் வேறு. துரு இரும்பைத் தின்றுகொண்டே போகும், களிம்பு செம்புக்குக் கவசமாகிவிடும். 1886-இல் நியூயார்க்கில் திறந்தபோது செம்பு நிறத்தில் மின்னிய சுதந்திர தேவி சிலை மெல்ல மெல்லப் பச்சையானது. இன்றுவரை அந்தப் பச்சைப் படலம்தான் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் தகட்டைக் காத்துக்கொண்டிருக்கிறது. என் கீலில் ஏறியது ஒரு ராத்திரிக் களிம்பு, விரலால் தேய்த்தால் வந்துவிடும். மேலே வார்னிஷ் அடித்துத்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

(இதையெல்லாம் நிஜமாகவே பழைய சாமானில் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசு நேராக நெஞ்சுக்குள் போகும்.)

எத்தனை வருஷம் இருக்கும்?

மூன்றாவது பெட்டி முடிந்ததும் நடந்தது இது. வீட்டுக்கு வந்த ஒருவர் அலமாரியில் பார்த்துவிட்டு, “அட, இது எத்தனை வருஷம் இருக்கும்?” என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. பெரியம்மா கேட்ட கேள்விக்கு நேர் எதிரான கேள்வி. இதைக் கேட்கத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்று ஒரு வினாடி நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஒரு வினாடிக்குள் அவர், “உங்க தாத்தா காலத்தது போல” என்று தானே முடித்துக்கொண்டார். நான் சிரித்துவைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

இதில் பெரிய ஆட்களும் விழுந்திருக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ இருபதை ஒட்டிய வயதில், தூங்குகிற காமதேவன் ஒன்றைச் சலவைக்கல்லில் செதுக்கினார். மண்ணில் புதைந்து கிடந்த மாதிரி பழசாக்கினால் நல்ல விலைக்குப் போகும் என்று யோசனை சொல்லப்பட்டு, அப்படியே ஆக்கப்பட்ட அந்தச் சிலையை ரோமில் ரியாரியோ என்ற கார்டினல் பழங்காலத்தது என்று நம்பி வாங்கினார். குட்டு வெளிப்பட்டதும் சிலையைத் தரகரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் செய்த கையை விடவில்லை. 1496-இல் மைக்கேலாஞ்சலோ ரோமுக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

இன்னொருவர் நெதர்லாந்துக்காரர் ஹான் வான் மேகரென். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்ததாக நம்பும்படி ஓவியங்கள் செய்தார். எண்ணெய் வண்ணம் முழுக்க இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் வண்ணத்தில் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கைக் கலந்து அடுப்பில் சுட்டார், உருளையில் சுற்றி வெடிப்பு வரவைத்தார், வெடிப்புக்குள் தூசு தெரியக் கறுப்பு மை இறக்கினார். 1945-இல் அவர் பிடிபட்டது போலி செய்ததற்காக இல்லை, நாட்டின் பொக்கிஷமான வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவன் கோரிங்கின் கைக்குப் போகவிட்டதற்காக. தப்பிக்க அவருக்கு இருந்த ஒரே வழி, “அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது” என்பது. யாரும் நம்பவில்லை. காவலில் வைத்து, சாட்சிகள் எதிரில் இன்னொன்று வரைந்து காட்ட வேண்டிவந்தது. பொய்யை அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, உண்மையை நம்பவைக்கப் படாத பாடு பட்ட மனுஷன்.

என் பெட்டிக்கு அவ்வளவு பெரிய விவகாரம் ஒன்றும் வரப்போவதில்லை. ஆனாலும், பழசின் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கும் இது பழசு என்பதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. பார்த்தவுடன் தெரியாவிட்டாலும், தேடினால் கிடைக்கிற மாதிரி அதைப் பெட்டியிலேயே வைத்துவிட நினைத்தேன். நாலாவது பெட்டியில் அடிப்பலகையை மட்டும் தொடவே இல்லை. மெழுகு இல்லை, கீறல் இல்லை, இழைத்த மரம் இழைத்தபடி. சூட்டுக்கோலால் என் பெயரையும் வருஷத்தையும் அங்கே எழுதினேன்.

அந்தப் பெட்டியைப் பெரியம்மாவுக்கு என்றே செய்திருந்தேன். வலது கட்டைவிரலுக்கு ஓர் இடம், கொக்கிக்கு ஒரு வில், ஒரு பக்கம் மட்டும் வெளுப்பு. பழைய பெட்டியைப் பார்த்துக் காப்பியடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. அடி வாங்கியதா என்று கேட்கவில்லை. “நல்லாருக்கே” என்றார். அப்புறம் கவிழ்த்துப் பார்த்தார். “அடிப்பக்கம் மட்டும் ஏண்டி புத்தம்புதுசா இருக்கு?” “அது அப்படித்தான் இருக்கணும் பெரியம்மா. பேரு போட்டிருக்கேன் பாருங்க.” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார், தலையாட்டினார். மிச்ச நூல்கண்டுகளை அதில் போட்டு மூடினார். தரையில் வைத்தார். காலால் ஒரு தள்ளு. சர்ரென்று கட்டிலுக்கு அடியில் போய், சுவரில் இடித்து நின்றது.